என்ட்ரி எப்போது? – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

ஒன்றரை வருடமாக நாணயச் சந்தையில் யூரோ–டாலர் ஜோடியில் டிரேட் செய்கிறேன். ஒரு மணி நேர சார்ட்டில் ஆர்எஸ்ஐ (விலை நகரும் வேகத்தை அளக்கும் இண்டிகேட்டர், அதாவது குறிகாட்டி), இரண்டு மூவிங் ஆவரேஜ் (நகரும் சராசரி விலை), கேண்டில் பேட்டர்ன் (ஒவ்வொரு மணியின் விலை நகர்வையும் காட்டும் பட்டைகளின் வடிவம்) மூன்றும் ஒத்துவந்தால்தான் உள்ளே போகிறேன். திசை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் நான் வாங்கியதும் விலை இறங்கி, நஷ்டம் பெருகாமல் டிரேடைத் தானாக மூட நான் வைத்த ஸ்டாப் லாஸைத் தட்டிவிட்டு, அப்புறம் நான் நினைத்த பக்கமே ஏறுகிறது. போன வாரம் இன்னொன்று. விற்பனை டிரேட் ஒன்றில், சார்ட்டில் விலை என் ஸ்டாப்புக்கு இரண்டு பிப் (0.0002) கீழேயே நின்றுவிட்டது. ஆனாலும் டிரேட் மூடப்பட்டுவிட்டது. புரோக்கர் ஏமாற்றுகிறாரா? சரியான நேரத்தில் நுழைய எந்த இண்டிகேட்டரை நம்பலாம்?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்த இரண்டு பிப். இதை மட்டும் வைத்து புரோக்கர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான தளங்களில் சார்ட் வரையப்படுவது பிட் விலையில், அதாவது நீங்கள் விற்கும்போது கிடைக்கும் விலையில். நீங்கள் விற்ற டிரேடை மூடும்போது திரும்ப வாங்குகிறீர்கள். அது நடப்பது ஆஸ்க் விலையில், அதாவது வாங்கும்போது நீங்கள் கொடுக்கும் விலையில். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஸ்பிரெட். ஸ்டாப் 1.0850, சார்ட் தொட்ட உச்சம் 1.0848, அந்த நொடியில் ஸ்பிரெட் இரண்டு பிப் என்றால் ஆஸ்க் 1.0850. ஸ்டாப் நியாயமாகவே அடிபட்டிருக்கிறது. டிரேட் எத்தனை மணிக்கு மூடப்பட்டது என்று பாருங்கள். நியூயார்க் நேரம் மாலை 5 மணிக்கு நாள் மாறும் சமயத்தில் ஸ்பிரெட் பல மடங்கு விரியும். சார்ட் அமைப்பில் ஆஸ்க் கோட்டையும் காட்டச் சொல்லி வைத்துவிடுங்கள்.

இப்போது பெரிய கேள்வி. இண்டிகேட்டர் எதுவும் உங்களுக்கு நேரம் சொல்லாது. ஆர்எஸ்ஐ, மூவிங் ஆவரேஜ், கேண்டில் மூன்றும் ஒரே விலையிலிருந்து பிறந்தவை. அவை ஒத்துப்போவது, ஒரே ஆள் மூன்று முறை சாட்சி சொல்வது போலத்தான். அதைவிட முக்கியம், மூன்றும் ஒத்துவரும்வரை நீங்கள் காத்திருக்கும்போது நகர்வில் பாதி முடிந்திருக்கும். நீளமான பச்சை (விலை ஏறிய) கேண்டில் ஒன்று முடிந்த பிறகு, அதன் உச்சியில் வாங்குகிறீர்கள். அங்கிருந்து விலை கொஞ்சம் பின்வாங்குவது சந்தையின் இயல்பு. அந்தப் பின்வாங்கலுக்குள்தான் உங்கள் ஸ்டாப் உட்கார்ந்திருக்கிறது.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: என்ட்ரியை, அதாவது உள்ளே நுழையும் விலையை, கடைசியாக முடிவு செய்யுங்கள். ‘எந்த விலைக்குப் போனால் என் கணிப்பு தப்பு?’ என்பது முதல் கேள்வி. விலை எங்கே போய்த் தடைபடலாம் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் என்ட்ரி வெறும் கணக்கு.

ஒரு உதாரணம். போக்கு ஏறுமுகம். 1.0800 பக்கம் சப்போர்ட் (விழும் விலை தாங்கி நிற்கும் இடம்), 1.0900-இல் ரெசிஸ்டன்ஸ் (ஏறும் விலை தடைபடும் இடம்). 1.0775-க்குக் கீழே போனால் கணிப்பு தப்பு. சிக்னல் வந்ததென்று 1.0840-இல் வாங்கினால் இழப்பு 65 பிப், லாபம் 60. ஸ்பிரெட்டை விட்டுவிட்டாலும், கைக்காசு போகாமல் இருக்கவே நூற்றுக்கு 52 முறை ஜெயிக்க வேண்டும். 1.0805 வரும்வரை பொறுத்தால் இழப்பு 30, லாபம் 95. நூற்றுக்கு 24 முறை போதும். கணிப்பு அதே, ஸ்டாப் அதே.

இதற்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1.0805-இல் லிமிட் ஆர்டர் (அந்த விலைக்கு வந்தால் மட்டும் வாங்கச் சொல்லும் ஆர்டர்) போட்டால், சப்போர்ட்டை உடைத்துக்கொண்டு விழும் டிரேட் ஒவ்வொன்றிலும் நீங்கள் நிச்சயம் இருப்பீர்கள். திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போகும் நல்ல டிரேட்கள் உங்களை விட்டுவிட்டுப் போகும். அந்த 24 என்ற எண் தோன்றுகிற அளவுக்குச் சுலபமில்லை. ஆனாலும் போன பஸ்ஸைத் துரத்துவதைவிட இது மேல் என்பதே என் தீர்மானம்.

ஸ்டாப்பை ஏன் 1.0795-இல் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். கேரல் ஆஸ்லர் என்ற பொருளாதார ஆய்வாளர், வங்கி ஒன்றுக்கு வந்த ஆர்டர்களை ஆராய்ந்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். லாபத்தை எடுக்கும் ஆர்டர்கள் 00-இல் முடியும் முழு எண்களிலேயே குவிகின்றன. ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் அந்த எண்களைச் சற்றுத் தாண்டிக் குவிகின்றன. விலை முழு எண்ணில் திரும்புவதும், அதைத் தாண்டினால் சட்டென்று ஓடுவதும் இதனால்தான். 1.0795 எல்லோரும் ஸ்டாப் வைக்கும் இடம். இன்னொன்று, ஒரு மணி நேர கேண்டிலின் சராசரி வீச்சு 15 பிப்பாக இருக்கும்போது 10 பிப் ஸ்டாப் வைத்தால், திசை சரியாக இருந்தாலும் சாதாரண ஆட்டமே உங்களை வெளியே தள்ளிவிடும்.

கேண்டில் பேட்டர்ன் பற்றி ஒரு எச்சரிக்கை. நாணயச் சந்தைக்கு ஒரே மையப் பரிமாற்றகம் கிடையாது. நான்கு மணி நேர கேண்டில் எப்போது தொடங்குகிறது என்பது புரோக்கரின் சர்வர் நேரத்தைப் பொறுத்தது. ஒருவர் சார்ட்டில் அழகான என்கல்ஃபிங்காக (முந்தைய கேண்டிலை முழுதாக விழுங்கும் கேண்டிலாக) தெரிவது இன்னொருவர் சார்ட்டில் இரண்டு சாதாரண கேண்டிலாக இருக்கலாம். முடியாத கேண்டிலைப் பார்த்து நுழைவது இதைவிட மோசம். சப்போர்ட், ரெசிஸ்டன்ஸுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

நேரத்தைப் பொறுத்தவரை, லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்து திறந்திருக்கும் மணிகளில் யூரோ–டாலரில் வியாபாரம் அடர்த்தி, ஸ்பிரெட்டும் குறைவு. அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளி, நியூயார்க் நேரம் காலை 8.30-க்கு வரும். அந்த நிமிடத்தில் சார்ட்டைப் பார்த்து நுழைய வேண்டாம்.

சார்ட் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் லாட் அளவை (ஒரு டிரேடில் வாங்கும் அல்லது விற்கும் அளவை) குறைவாக வையுங்கள் என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2011 செப்டம்பரில் சுவிஸ் தேசிய வங்கி, ஒரு யூரோவின் மதிப்பு 1.20 ஃபிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்றது. மூன்று வருடத்துக்கும் மேலாக அந்தச் சப்போர்ட் நின்றது. 1.20-ஐ ஒட்டி வாங்கி, சற்றுக் கீழே ஸ்டாப் வைப்பதுதான் சார்ட்டின்படி மிகச் சிறந்த என்ட்ரி. 2015 ஜனவரி 15 அன்று வங்கி அந்த உறுதியைக் கைவிட்டது. சில நிமிடங்களில் விலை 1.00-க்கும் கீழே போனது. இடையில் வாங்க ஆளில்லாததால் ஸ்டாப்கள் வைத்த விலையில் நிறைவேறவில்லை. பலருடைய கணக்கு காலியானது மட்டுமில்லை, கடனிலும் முடிந்தது.

கடைசியாக, ‘திசை பெரும்பாலும் சரி’ என்கிறீர்கள். ஸ்டாப் அடிபட்ட பிறகு ஏறிய டிரேட்கள் மனதில் உறைக்கும். அடிபட்டபின் மேலும் விழுந்தவை மறந்துபோகும். உங்கள் கணக்கு அறிக்கையை இறக்கி, ஒவ்வொரு டிரேடிலும் விலை முதலில் உங்களுக்கு எதிராக எத்தனை பிப் போனது, மூடிய பிறகு அடுத்த 24 மணி நேரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு போனது என்று எழுதுங்கள். பட்டியலை அனுப்பிவையுங்கள். ஸ்டாப்பைத் தள்ளி வைப்பதா, என்ட்ரிக்குப் பொறுப்பதா என்பதை அதைப் பார்த்து எழுதுகிறேன். அதுவரை புது இண்டிகேட்டர் எதுவும் சேர்க்க வேண்டாம்.