துப்பறியும் நாவலில் ‘பொய்த்தடயம்’ என்றால் என்ன?

வாசகரின் சந்தேகத்தைத் தவறான ஆள் பக்கம் திருப்ப, எழுத்தாளர் வேண்டுமென்றே வைக்கும் தடயம்தான் இது. மாடிப்படியில் ரத்தக்கறையுடன் கைக்குட்டை கிடக்கும். அதே பத்தியில், போகிற போக்கில், சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது என்றும் ஒரு வரி வரும். நாம் கைக்குட்டையின் பின்னால் ஓடுவோம். உண்மை கடிகாரத்தில் இருக்கும்! கவனம் ஒன்றின் மேல் ஊன்றினால் பக்கத்தில் இருப்பது தப்பிவிடும், அதுதான் காரணம். மேஜிக் செய்பவர் வலது கையை ஆட்டிக்கொண்டே இடது கையில் நாணயத்தை மறைப்பாரே, அதேதான். முடிச்சு அவிழ்ந்ததும் ‘அட, கண்ணெதிரேதானே இருந்தது’ என்று முன்பக்கங்களைப் புரட்டுவோம். எனக்கு அந்த நிமிஷத்துக்காகவே இந்த நாவல்கள் பிடிக்கும்.

பலர் இதை மோசடி என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக்கூடாது என்பது ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் இந்த வகைக் கதைகளுக்காக 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று.