மலட்டு நெல்லுக்கு வளமை திரும்புவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: மகரந்தம் மலடான தாய்ச் செடிக்குப் பிறந்த வீரிய ஒட்டு நெல் எப்படி நெல்மணி பிடிக்கிறது?

1970-இல் சீனாவின் ஹைனான் தீவில் மகரந்தம் சிதைந்த ஒரு காட்டு நெல் செடி கிடைத்தது. இன்றைய ஒட்டு நெற்களில் பலவற்றின் தாய்வழி அதிலிருந்தே வருகிறது. அதற்கு டபிள்யூஏ (வைல்டு அபார்ட்டிவ், அதாவது மகரந்தம் சிதைந்த காட்டு நெல்) வகை என்று பெயர். அதன் மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும், தாய்வழியாக வரும் உறுப்பு) உள்ள டபிள்யூஏ352 மரபணுவின் புரதம், மகரந்தத்துக்கு ஊட்டம் தரும் அடுக்கை உரிய காலத்துக்கு முன்பே சாகடிக்கிறது. தந்தை வழியாக வரும் மீட்பு மரபணுக்கள் இதைத் தடுக்கின்றன. பத்தாம் குரோமோசோமில் உள்ள ஆர்எஃப்4, டபிள்யூஏ352-இன் ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்வதற்கான நகலை, குறைக்கிறது. முதல் குரோமோசோமில் உள்ள ஆர்எஃப்3, ஆர்என்ஏவை விட்டுவிட்டுப் புரதத்தைக் குறைக்கிறது. இரண்டில் வலியது ஆர்எஃப்4. மலட்டு மரபணு மட்டும் அப்படியே இருக்கிறது, அடக்கி வைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: ஒட்டு நெல் அறுவடையிலிருந்து விதை எடுத்து வைக்கலாமா?

கூடாது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். உயரமும் பூக்கும் நாளும் மாறும், சில கதிர்கள் பதராகும்.

கேள்வி: எங்கள் ஊர் ரகம் மீட்பு ரகமா (மீட்பு மரபணு உள்ளதா) என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐஆர்58025ஏ போன்ற, மகரந்தம் மலடான டபிள்யூஏ தாய் ரகத்தோடு கலந்து, பிறக்கும் செடியின் மகரந்தத்தைப் பாருங்கள். காலையில் பூ விரியும் முன் மகரந்தப்பையை எடுத்து, 1 சதவீத அயோடின் கரைசலில் நசுக்குங்கள். வளமான மகரந்த மணிகள் உருண்டையாகக் கருத்திருக்கும், மலட்டு மகரந்த மணிகள் சுருங்கி மஞ்சளாகவே நிற்கும். நெல்மணி பிடிப்பதையும் பார்ப்பதானால், கதிருக்குப் பூக்கும் முன்பே உறை மாட்டுங்கள். உறையில்லாத கதிரில் பக்கத்து வயல் மகரந்தம் விழுந்து நெல்மணி பிடித்தால், மீட்பு மரபணு இல்லாமல் மலட்டைப் பராமரிக்கும் ரகத்தை மீட்பு ரகம் என்று எழுதிவிடுவீர்கள்.

கேள்வி: ஒட்டுச் செடியில் பாதி மகரந்தம் மலடாக இருக்கும் என்று என் பாடநூல் சொல்கிறது. நீங்கள் சொல்வது பொருந்தவில்லையே?

நூல் பேசுவது பிடி என்ற இன்னொரு மலட்டு வகையைப் பற்றி. அங்கே ஒவ்வொரு மகரந்த மணியும் தன் மரபணுவைக் கொண்டே பிழைக்கிறது. மீட்பு மரபணு கிடைக்காத பாதி செத்துப்போகும். டபிள்யூஏ வகையில் தாய்ச் செடியின் மரபணுவே முடிவு செய்வதால், எந்த மணிக்கு எது போனாலும் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

அதே நண்பர்: நான் டபிள்யூஏ ஒட்டின் இரண்டாம் தலைமுறையில் 40 செடி வளர்த்தேன், ஒன்றுகூட மலடில்லை. அப்படியானால் இதுவும் பிடி போலத்தானே?

இல்லை. மீட்பு மரபணுக்கள் இரண்டும் பிரியும்போது, இரண்டுமே இல்லாத செடி 16-இல் ஒன்றுதான் வரும். 40-இல் இரண்டு மூன்று எதிர்பார்க்கலாம், ஒன்றும் வராமல் போவதும் அரிதல்ல. 200 செடி வளர்த்துப் பாருங்கள். பிடி வகை என்றால் பாதிச் செடிகளில் மகரந்தம் பாதி மலடாக இருக்கும். கதிருக்கு உறை மாட்டினீர்களா?

கேள்வி: விதை எடுத்து வைக்கலாமா? எங்கள் வயலில் நன்றாகத்தான் விளைந்தது.

மேலே சொல்லிவிட்டேன். நன்றாக விளைந்தது முதல் தலைமுறை.

கேள்வி: வெப்பநிலையால் மலடாகும் நெல்லுக்கு எந்த மீட்பு மரபணு வேண்டும்?

தனியாக எதுவும் வேண்டாம். அங்கே குறை மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை, உட்கருவில் உள்ள ஒடுங்கு மரபணுவில் (இயல்பான நகல் ஒன்று இருந்தாலே வெளிப்படாதது) இருக்கிறது. இயல்பான எந்த ரகமும் தந்தையாகலாம்.

40 செடி வளர்த்த நண்பர்: உறை மாட்டவில்லை.

அப்படியானால் உங்கள் 40 செடிகளில் மலட்டுச் செடிகூட அயல் மகரந்தத்தால் நெல்மணி பிடித்திருக்கலாம். அடுத்த பருவத்தில் மகரந்தத்தையே எண்ணி எழுதுங்கள்.