இன்ஸ்டாகிராமில் "ப்யூர் சில்க்" என்று வாங்கிய புடவை பட்டே இல்லை. "நோ ரிட்டர்ன்" என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி கேட்ட சகோதரி சொல்லியிருப்பது சுருக்கமாக இதுதான்: இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தில் "ப்யூர் காஞ்சிபுரம் சில்க்" என்று போட்டிருந்த புடவைக்கு ஜிபேயில் 6,500 ரூபாய் அனுப்பியிருக்கிறார். வந்தது செயற்கை இழைப் புடவை. கேட்டால், "நோ ரிட்டர்ன் என்று பயோவிலேயே போட்டிருக்கிறோம், ஓப்பனிங் வீடியோவும் (பார்சலைப் பிரிக்கும்போது எடுக்கிற வீடியோ) உங்களிடம் இல்லை" என்று பதில் வருகிறது.

கிடைக்க வழி இருக்கிறது. என் அண்ணிக்கும் ஏறக்குறைய இதே மாதிரி நடந்தது. அவருக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தது நான்தான். நுகர்வோர் கமிஷன் (நுகர்வோர் நீதிமன்றம்) வரை போகாமலே பணம் வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், "நோ ரிட்டர்ன்" என்பது விற்பவரின் விருப்பம், சட்டம் அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், 2020 ஜூலையில் மின்வணிகத்துக்குத் தனி விதிகள் வந்தன. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலோ, விற்பவர் அதைத் திரும்பப் பெறவும் பணம் தரவும் மறுக்கக்கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. பட்டு என்று சொல்லி பாலியெஸ்டர் அனுப்பினால் அது மூன்றாவது வகை. பயோவில் எத்தனை வரி எழுதி வைத்தாலும் இந்தப் பொறுப்பிலிருந்து அவர்கள் நழுவ முடியாது. "நாங்கள் வீட்டிலிருந்து விற்கிறோம், கம்பெனி இல்லை" என்பதும் செல்லாது. எப்போதோ ஒருமுறை தன் பழைய பொருளை விற்கிற தனி ஆளுக்குத்தான் அந்த விதிகளில் விலக்கு. தினமும் ரீல்ஸ் போட்டு விற்பது வியாபாரம்தான்.

அதே சமயம் சட்டம் தராததையும் தெரிந்துகொள்ள வேண்டும். கலர் பிடிக்கவில்லை, மாமியாருக்குப் பார்டர் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இந்தியாவில் சட்டப்படி ரிட்டர்ன் உரிமை கிடையாது. அது கடைக்காரர் தாமாகத் தருகிற வசதி. ஆகவே புகாரில் "பிடிக்கவில்லை" என்ற சொல்லே வரக்கூடாது. "விளம்பரத்தில் சொன்ன பொருள் இது அல்ல" என்பது மட்டும் வரட்டும். இன்னொன்று, அந்தப் புடவையை ரீசெல்லிங்குக்காக வாங்கியிருந்தால் நுகர்வோர் கமிஷனுக்குப் போக முடியாது. மறுவிற்பனைக்கு வாங்குபவரை இந்தச் சட்டம் நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை.

ஓப்பனிங் வீடியோ விஷயம். அது இல்லாவிட்டால் உரிமை போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீடியோ ஒரு சாட்சி, அவ்வளவுதான். பார்சலில் இருந்த கிழிசல், வராத பொருள் போன்ற சண்டைகளில் அது மிகவும் உதவும், அதனால் இனிமேல் எடுங்கள்: முகவரிச் சீட்டு தெரிய ஆரம்பித்து, கவரின் எல்லாப் பக்கமும் காட்டி, நடுவில் நிறுத்தாமல். ஆனால் உங்கள் பிரச்சினை புடவை எந்த இழை என்பது. அதைப் புடவையே சொல்லும்.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்தப் புடவையைத் தொடாதீர்கள். ஃபால்ஸ் வைக்கக் கொடுக்காதீர்கள், குச்சம் கட்டாதீர்கள், பிளவுஸ் பிட்டை வெட்டாதீர்கள், தண்ணீரில் நனைக்காதீர்கள். பொருள் வந்த நிலையிலேயே இருந்தால்தான் உங்கள் பக்கம் பலம். வீட்டில் பார்க்க வேண்டுமானால் முந்தி ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றிரண்டு இழை போதும். பட்டு எரிந்தால் முடி கருகிய வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும். இது உங்கள் நிச்சயத்துக்கு. எழுத்தில் வேண்டுமென்றால், மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் இயங்கும் சில்க் மார்க் அமைப்பின் சோதனை மையத்தில் கொடுத்துப் பார்க்கலாம். வழக்கு என்று போனால், கமிஷனே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அப்புறம், இன்று இரவே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். "ப்யூர் சில்க்" என்று எழுதிய போஸ்ட், அந்தப் பக்கத்தின் பெயர், சாட் முழுவதும், பணம் போன ரசீதில் உள்ள யுடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்). புகார் என்று தெரிந்த மறுநிமிடம் போஸ்ட் மறைந்துவிடும். ஸ்டோரியில் போட்டிருந்தால் 24 மணி நேரத்தில் தானாகவே போய்விடும். கொரியர் கவரைக் குப்பையில் போட்டிருந்தால் தேடி எடுங்கள். பல இன்ஸ்டா கடைகளில் விற்பவரின் உண்மையான முகவரி எங்குமே இருக்காது. அண்ணியின் விஷயத்தில் அது கிடைத்த ஒரே இடம் அந்தக் கவர்தான்.

பிறகு, போனில் வாதாடாமல் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். என்று வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன சொல்லி விற்றார்கள், என்ன வந்தது, பணத்தை எத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும். கோபம் வேண்டாம், சாபம் வேண்டாம். பதில் இல்லையென்றால் அதையே கடிதமாக எழுதி, சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் கவரில் இருந்த முகவரிக்கு அனுப்புங்கள். 15 நாள் கெடு வையுங்கள். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அண்ணிக்கு இந்தக் கடிதத்திலேயே வேலை முடிந்தது. அதுவரை பிளாக் செய்து வைத்திருந்தவர்கள், தபால் வீட்டு வாசலுக்குப் போனதும் அவர்களாகவே கூப்பிட்டார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். பெரிய தளங்களில் வாங்கிய பொருளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. அந்தத் தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் விதி. சின்ன இன்ஸ்டா கடையிடம் 1915இன் கை அவ்வளவு நீளாது, ஏனென்றால் அந்த உதவி மையத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. இருந்தாலும் அந்தப் புகார் எண் பின்னால் உதவும்.

அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மேலே கமிஷன் என்று சொன்னது இதைத்தான். நிறையப் பேர் இங்கேதான் பயந்து நின்றுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சட்டம் இந்த வாசலை எளிமையாகத்தான் வைத்திருக்கிறது. விற்பவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம், வீடியோ மூலம் ஆஜராகவும் கேட்கலாம். 2025 முதல் இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடும் வசதி இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை அந்தப் பக்கமே காணாமல் போய், போனும் அணைந்துவிட்டால், அது கடைக்காரரோடு தகராறு இல்லை, மோசடி. அப்போது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்குவதுதான் அங்கே நோக்கம், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பணத்தைத் தொலைத்தவர்களைத் தேடியே இன்னொரு கூட்டம் வரும். கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடி எண் எடுக்காதீர்கள். "ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்றால் வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

அடுத்த முறை இன்ஸ்டாவில் வாங்குமுன் கடையின் முழு முகவரியைக் கேளுங்கள், பில் தருவீர்களா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டு யார் பெயர், எந்த ஊர் என்று பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். சின்ன வியாபாரிகள் எல்லாருக்குமே அந்த எண் கட்டாயம் என்றில்லை, அதனால் அது இல்லாதவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. முகவரி கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் மட்டும் வாங்காதீர்கள். பட்டு என்றால் சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். விலையையும் பாருங்கள்: 2,499 ரூபாய்க்கு அசல் ஜரிகை போட்ட கைத்தறிக் காஞ்சிப் பட்டு என்று யாராவது ரீல்ஸில் கூவினால், அந்த விலையில் அதை நெய்து தர எந்த நெசவாளராலும் முடியாது.

கடிதத்துக்கு வாசகம் வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், அண்ணிக்கு எழுதியதைப் பெயர், முகவரி நீக்கிவிட்டுப் போடுகிறேன்.