சிமுலேட்டர்ல 400 அடி தாண்டினதுக்கு தனி கோர்ஸ் வேணுமா?

கேள்வி: என் பொண்ணு ஏ320 விமானம் ஓட்டுற சிமுலேட்டர் ட்ரெய்னிங்ல இருக்கா. ஏறும்போது 6000 அடியில நிக்கச் சொன்னா 6400 போயிடுறாளாம், ரெண்டு தடவை ஆச்சு. "இதுக்குன்னு ஸ்பெஷல் கோர்ஸ் இருக்கு, ரெண்டு லட்சம் கட்டுங்க"ன்னு கன்சல்டன்ட் சொல்றார். கட்டலாமா?

கட்டாதீங்க சார். அப்படி ஒரு கோர்ஸே கிடையாது. அவர் விக்கிறது சாதாரண சிமுலேட்டர் நேரத்தைத்தான், பேரை மட்டும் மாத்தி.

டேக்-ஆஃப் ஆனதும் வீலை மடக்கணும், பவரைக் குறைக்கணும், ரெக்கையில இருக்கற ஃப்ளாப்ஸை உள்ள இழுக்கணும், அதுக்குள்ள டவர் வேற ஃப்ரீக்வென்சிக்கு மாறச் சொல்லும், புதுசா ஒரு திசையும் வரும், எல்லாம் ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள. ஃப்ளைட் நிமிஷத்துக்கு 3000 அடி ஏறுதுன்னா செகண்டுக்கு 50 அடி, 8 செகண்ட் குனிஞ்சு செக்லிஸ்ட் பாத்தா 400 அடி போச்சு. உங்க பொண்ணு கணக்கு அவ்ளோதான். ஆட்டோபைலட்ல சரியான நம்பர் வெச்சிருந்தா அதுவே நின்னுடும், கையால ஓட்டும்போதும் நம்பரைத் தப்பா வெச்சாலும்தான் மாட்டிக்குவாங்க. திசை 240னு சொன்னதை உயரம் 240, அதாவது 24,000 அடின்னு எடுத்துக்கிறது, பத்தாயிரத்தைப் பதினோராயிரம்னு கேக்குறதெல்லாம் அனுபவஸ்தங்களுக்கே நடக்குது.

சின்ன விஷயம்னு சொல்லல. மேலயும் கீழயும் போற ஃப்ளைட்டுக்கு நடுவுல பெரும்பாலும் 1000 அடிதான் இடைவெளி. 1996 நவம்பர் 12, ஹரியானாவுல சர்க்கி தாத்ரி, 15,000 அடியில நிக்க வேண்டிய கஜக் விமானம் அதுக்குக் கீழ இறங்கி, டெல்லில இருந்து 14,000க்கு ஏறி வந்த சவுதி விமானத்துல மோதி 349 பேர் செத்தாங்க. 1972ல அமெரிக்காவுல ஒரு சின்ன பல்பு எரியலன்னு காக்பிட்ல எல்லாரும் அதையே பாத்துட்டு இருந்தாங்க, ஃப்ளைட் மெதுவா இறங்கி சதுப்பு நிலத்துல விழுந்துச்சு. 10,000 அடிக்குக் கீழ வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சே கூடாதுன்னு 1981ல அங்க ரூல் போட்டாங்க.

அவ பழக வேண்டியது, உயரத்தை செட் பண்ணினதும் பைலட் ரெண்டு பேரும் விரலால காட்டி வாய்விட்டுச் சொல்றது, கடைசி 1000 அடியில "ஆயிரம் இருக்கு"ன்னு சொல்லி ஏறுற வேகத்தை நிமிஷத்துக்கு 1500 அடிக்குக் கீழ கொண்டு வர்றது, அந்த நேரத்துல செக்லிஸ்ட்டைத் தொடாம இருக்கறது. இதுக்கு எதுக்கு சார் ரெண்டு லட்சம்?

சொன்ன உயரத்தை விட்டுப் போகலாம்னு ஒரு இடம் இருக்கு, பொண்ணுகிட்ட நல்லா கேட்டுக்கச் சொல்லுங்க. டிகாஸ்னு மோதல் எச்சரிக்கைக் கருவி "ஏறு"ன்னு சொன்னா ஏறணும், தரையில இருக்கற கன்ட்ரோலர் "இறங்கு"ன்னு சொன்னாலும் ஏறணும், முடிச்சிட்டு அவங்களுக்குச் சொல்லி பழைய உயரத்துக்கு வரணும். 2002ல ஜெர்மனியில ஊபர்லிங்கன்ல ஒரு விமானம் கருவியை விட்டுட்டு கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டுச்சு, 71 பேர் போனாங்க. திரும்பச் சொல்றேன், கருவி சொல்றதுதான்.

என் கோவமெல்லாம் ட்ரெய்னிங் நடத்துற விதத்து மேலதான். ஒரு தப்பு நடந்தா ஏன் நடந்துச்சுன்னு உக்காந்து பேச யாருக்கும் நேரமில்ல, ஸ்லாட் முடிஞ்சதுன்னு அடுத்த பேட்ச்சை ஏத்திடுறாங்க, பயந்து போன பசங்களோட அப்பாக்களைத் தேடி ஏஜென்ட்டுங்க வந்துடுறாங்க. "எக்ஸாமினர் நம்மாளு"ன்னு ஆரம்பிச்சாங்கன்னா போனை வெச்சிடுங்க.

அந்த ரெண்டு செஷனோட ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு பொண்ணு நேரா இன்ஸ்ட்ரக்டரைப் பாக்கட்டும், நடுவுல யாரும் வேணாம். "அந்த 8 செகண்ட் நான் எங்க பாத்துட்டு இருந்தேன் சார்?"னு கேக்கட்டும்.