ஷிப்ட் வேலையோடு என்கிளெக்ஸ்: 12 வாரத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் தாதியாக இருக்கிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்க, அங்கே தாதியருக்கான உரிமத் தேர்வான என்கிளெக்ஸ்-ஆர்என் எழுதப் போகிறேன். கையில் 12 வாரம் இருக்கிறது. மூன்று ஷிப்டும் மாறி மாறி வருவதால் எந்த அட்டவணை போட்டாலும் இரண்டு வாரம்கூடத் தாங்குவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நாள்காட்டியைப் பார்த்துப் போட்ட அட்டவணை ஷிப்ட் வேலைக்குத் தாங்காது. ரோஸ்டர் (ஷிப்ட் பட்டியல்) கைக்கு வந்ததும் அதன்மேலேயே எழுதுங்கள். 'தினமும் மூன்று மணி நேரம்' என்ற கணக்கு வேண்டாம். ஷிப்டுக்கு இத்தனை பயிற்சிக் கேள்வி என்று வையுங்கள். காலை ஷிப்ட் என்றால் மாலையில் 30. மதிய ஷிப்ட் என்றால் கிளம்புமுன் 40. ஓய்வு நாளில் 75, இரண்டு தடவையாகப் பிரித்து. இரவு ஷிப்ட் நாட்களில் புதுக் கேள்வியே வேண்டாம், பழைய தவறுகளை 20 நிமிடம் புரட்டினால் போதும். தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் மதிப்பெண் உங்கள் நிலையைக் காட்டாது, நம்பிக்கையைத்தான் கெடுக்கும். தைப்பூசமோ தீபாவளியோ இடையில் வந்தால் அந்த நாட்களை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

முதல் வாரம் எல்லாப் பாடமும் கலந்த 75 கேள்விகளைப் போட்டு, எங்கே சறுக்குகிறீர்கள் என்று பாருங்கள். 2 முதல் 8ஆம் வாரம் வரை பாடவாரியாகப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் தராதீர்கள்: உதாரணத்துக்கு, பராமரிப்பு மேலாண்மை 15–21%, மருந்தியல் 13–19%, உளவியல் சமூக நலம் 6–12% என்றுதான் தேர்வு பிரிக்கப்பட்டிருக்கிறது.

நம் ஊர்த் தாதியர் கவனிக்க வேண்டியது பராமரிப்பு மேலாண்மை. யாருக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதை உங்கள் வார்டு வழக்கப்படி யோசித்தால் விடை தவறும். நோயாளியை மதிப்பிடுவது, கற்பிப்பது, பலனைச் சீர்தூக்குவது மூன்றும் ஆர்என் (பதிவு பெற்ற தாதி) கையில்தான். உதவியாளருக்குக் குளிப்பாட்டுதல், நிலையாக இருப்பவரின் ரத்த அழுத்தம் பார்த்தல் போன்றவற்றைத் தரலாம்.

மருந்தியலில் பெயர்களே காலை வாரிவிடும். நாம் சொல்லும் பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சல்பியூட்டமால் அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெப்பெரிடின். அலகும் வேறு. ரத்தச் சர்க்கரை அளவுக்கு நம் மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் அமெரிக்க நூல்களின் மில்லிகிராம் கணக்கு கிடைக்கும்: 7 என்பது 126. பொட்டாசியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, எண் மாறாது.

இதற்கெல்லாம் மேல் முக்கியம் தவறுக் குறிப்பேடு. கேள்வி போட ஒரு மணி நேரம் ஆனால் விளக்கங்களைப் படிக்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். குத்துமதிப்பாகப் போட்டுச் சரியாக வந்ததையும் தவறாகவே எண்ணுங்கள். விளக்கத்தை அப்படியே பார்த்து எழுதுவதில் பயனில்லை. ஏன் தவறினீர்கள் என்பதை எழுதுங்கள். பொட்டாசியம் 5.9 உள்ளவருக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுக்கலாம் என்று குறித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். 'பாடம் தெரியாது: இந்த மருந்து பொட்டாசியத்தை உடலில் தேக்கும். நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்' என்று எழுதினால் போதும். பாடம் தெரியாதது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது, முன்னுரிமை பிசகியது என மூன்றில் எது அதிகம் என்று வாரக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். வாசிப்புப் பிழைதான் அதிகம் என்றால் இன்னொரு புத்தகம் வாங்குவதால் ஒன்றும் ஆகாது.

9 முதல் 11ஆம் வாரம் வரை கலந்த கேள்விகள் மட்டும். தேர்வில் குறைந்தது 85, அதிகம் 150 கேள்விகள்; மொத்தம் 5 மணி நேரம். அதில் ஆறாறு கேள்விகள் கொண்ட மூன்று நோயாளிக் கதைகள் வரும், வாரத்துக்குக் குறைந்தது நான்கு கதைகளைப் போட்டுப் பழகுங்கள். 'பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு' வகையில் சரியானதற்கு ஒரு புள்ளி கூடும், தவறானதற்கு ஒன்று குறையும். ஆகவே சந்தேகத்துக்கு எல்லாவற்றையும் தட்டிவைக்காதீர்கள். ஓய்வு நாட்களில் இரண்டு முறையாவது ஒரே மூச்சில் 150 கேள்விகள் போட்டுப் பாருங்கள். கடைசி வாரம் குறிப்பேடு மட்டும் போதும். தேர்வுக்கு முந்தைய இரண்டு இரவும் நைட் டூட்டி விழாதபடி இப்போதே வார்டு பொறுப்பாளரான சிஸ்டரிடம் கேட்டுவையுங்கள்.

பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கான அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். நம்மவர் பெயர்களில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்), அப்பா பெயர் எல்லாம் சேர்ந்து வருவதால் இங்கேதான் பிசகும்.