1964 ஜாஸ் பேஸ் கிடைத்துவிட்டது, பணம் அனுப்பலாமா?

கேள்வி: மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பல வருடமாகத் தேடிய 1964 ஃபெண்டர் ஜாஸ் பேஸ் அமெரிக்காவில் ஒருவரிடம் இருக்கிறது. சீரியல் நம்பர் சரியாக இருக்கிறது, எல்லாமே ஒரிஜினல் என்கிறார். சென்னை ஏஜென்ட் ஒருவர், "நெக் தனியா, பாடி தனியா பிரிச்சு, பழைய சாமான்னு பில் போட்டு எடுத்துட்டு வந்துடலாம், பர்மிட் எதுவும் வேண்டாம்" என்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கிட்டாரைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த ஏஜென்ட்டை விடுங்கள்.

அந்தக் காலத்து ஃபெண்டரில் ஃபிங்கர்போர்டு, அதாவது நெக் எனும் கழுத்தின் மேல் விரல் அழுத்தும் பலகை, பிரேசில் ரோஸ்வுட். இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம்ம ஈட்டி மரத்துக்கு, கம்பெனி மாறியது 1966 வாக்கில்தான். பிரேசில் ரோஸ்வுட்டோ 1992 ஜூன் முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. புலித்தோல் இருப்பதும் அதே பட்டியலில்தான். பிரித்து அனுப்பினால் தப்பலாம் என்கிறாரே, அந்த மரம் ஒட்டியிருப்பதே நெக்கில்தான்! தனியாக அனுப்பினால் அதிகாரிக்கு இன்னும் வசதி.

இந்த ஆட்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: "இசைக்கருவிக்கு 2019லேயே விலக்கு வந்தாச்சு சார்." வந்தது உண்மை. மற்ற ரோஸ்வுட் வகைகளையும் 2017இல் மொத்தமாக இரண்டாம் பட்டியலில் சேர்த்து, கிட்டார் வியாபாரிகளையெல்லாம் பர்மிட்டுக்கு அலையவிட்டு, பிறகு 2019 நவம்பரில் 'செய்து முடித்த இசைக்கருவிக்கு வேண்டாம்' என்று திருத்தினார்கள். அந்த விலக்கு இரண்டாம் பட்டியலுக்கு மட்டும். ஈட்டிக்கு உண்டு, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இல்லை. 'பத்து கிலோவுக்குள் இருந்தால் கேட்க மாட்டார்கள்' என்பதும் இரண்டாம் பட்டியல் கதைதான். 'அறுபது வருடப் பழசு, அதனால் சட்டம் பொருந்தாது' என்பார். பழசு என்பது தானாக விலக்கு ஆகிவிடாது. பழசு என்று அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்தால்தான் விலக்கு.

அந்தக் காகிதத்தின் பெயர் ஒப்பந்தத்துக்கு முந்தைய பொருள் என்னும் சான்றிதழ். அமெரிக்காவின் மீன், வனவுயிர்த் துறையிடம் விற்பவர் விண்ணப்பித்து வாங்கவேண்டும். நீங்கள் இங்கிருந்து வாங்க முடியாது. அத்துடன், பணம் அனுப்பும் முன் சென்னையிலுள்ள வனவுயிர்க் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்கு எழுதி, இங்கே இறக்க என்னென்ன வேண்டும் என்று எழுத்துமூலமாகவே பதில் வாங்குங்கள். போனில் சொன்னது கார்கோ ஷெட்டில் செல்லாது.

1962க்குப் பிறகு ஃபெண்டர் ஒட்டியது ஒரு மெல்லிய தகடு மரம்தான். அது வெட்டப்பட்டபோது இந்த ஒப்பந்தமே கிடையாது. இதைத் தடுத்து எந்தக் காடு பிழைக்கப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பறிமுதல் ஆகப்போவது என் கிட்டார் இல்லை, உங்களுடையது.

பில்லைக் குறைத்துப் போடும் யோசனையும் வேண்டாம். வழியில் நெக் உடைந்தால் இன்ஷூரன்ஸ் கொடுப்பது பில்லில் உள்ள தொகையைத்தான். சுங்கத்தில் மாட்டினால் அபராதம் உங்கள் பெயரில் வரும், ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். இன்னொரு வகை ஆள் பாடியின் மேல் கீறல் விழாமல் ஒட்டியிருக்கும் பிக்கார்டு தகட்டைக் காட்டி, "ஆமை ஓடு, தனி பர்மிட், தனிச் செலவு" என்று கறப்பார். அது ஆமை ஓடு போலத் தெரியும் செல்லுலாய்டு.

இப்போது கிட்டார். சீரியல் நம்பர் இருப்பது நெக்கின் பின்னால் நான்கு ஸ்க்ரூவில் நிற்கும் ஓர் இரும்புத் தகட்டில். நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்துப் பழைய கார் வாங்குவீர்களா? நெக்கைக் கழற்றி அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே மாதமும் வருடமும் முத்திரை குத்தியிருக்கும். அடுத்து, கன்ட்ரோல் தகட்டைத் திறந்து வால்யூம், டோன் பாட்களின் (திருகுகளுக்கு அடியில் உள்ள மின்பாகங்களின்) முதுகைக் காட்டச் சொல்லுங்கள். 304 6412 என்று இருந்தால் 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனி, 64 வருடம், 12 வாரம். பாட்கள் 1966 என்று காட்டினால் ஒன்று பாட் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது அது 1964 கிட்டார் இல்லை. சோல்டர் (ஒயர்களை ஒட்டும் ஈயப் பற்று) மங்கலாக, ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் பளபளத்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பாடிக்கு மறுபெயின்ட் அடித்திருந்தால் விலையில் ஏறக்குறைய பாதி போய்விடும், சத்தம் கெடாது. வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதைச் சொல்லியே பேரம் பேசுங்கள்.

'48 மணி நேரத்தில் திருப்பித் தரலாம்' என்று விற்பவர் சொன்னால், அது அமெரிக்காவுக்குள் இருப்பவருக்கான சலுகை. விற்பவர் ஊரிலேயே ஒரு கிட்டார் மெக்கானிக்குக் காசு கொடுத்து, பேக் செய்யும் முன் பார்க்கச் சொல்லுங்கள். டிரஸ் ராட் (நெக்கின் உள்ளே வளைவைச் சரிசெய்யும் கம்பி) இன்னும் திரும்புகிறதா என்று அவர் அவசியம் பார்க்கவேண்டும்.

சான்றிதழுக்கு விண்ணப்பிக்க மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் விட்டுவிடுங்கள். 1960களின் கடைசியில் வந்த ஜாஸ் பேஸ், இந்திய ரோஸ்வுட் போர்டு என்று எழுத்தில் உறுதி தருபவரிடம் கிடைத்தால், இந்தத் தலைவலியில் பெரும்பகுதி இல்லை. போர்டில் அடையாளத்துக்குப் புள்ளிக்குப் பதில் கட்டம் பதித்திருக்கும், அவ்வளவுதான். பாட் எண்ணின் படம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் டோக்கன் அட்வான்ஸ்கூட வேண்டாம்.