ஈறு நோயில் எலும்பைக் கரைப்பது பாக்டீரியாவா, நம் உடலா?

ஈறு வீங்குவது கிருமியால் சரி, பல் ஆடும் அளவுக்கு எலும்பு கரைவது எதனால் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நம் உடலின் எதிர்வினையால்தான்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே, ஆக்சிஜன் குறைந்த இடுக்கில் போர்பைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா வளரும். எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் அங்குள்ள மற்ற பாக்டீரியாக்களின் சமநிலையையே குலைத்துவிடும்.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். பாக்டீரியாவை உணரும் நம் செல்களுக்குள் இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டமைப்பு உருவாகி, காஸ்பேஸ்-1 நொதியைத் தூண்டுகிறது. அது கேஸ்டெர்மின் டி என்ற புரதத்தை வெட்ட, வெட்டுப்பட்ட துண்டுகள் செல் சவ்வில் துளை போடுகின்றன. செல் ஊதி வெடிக்கிறது. இதுதான் பைரோப்டோசிஸ். வழக்கமான செல் இறப்பில் செல் சத்தமில்லாமல் ஒடுங்கிவிடும். இதிலோ இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அழற்சிப் பொருள்கள் வெளியே கொட்டுகின்றன. அளவோடு நடந்தால் இது பாதுகாப்பு. மாதக்கணக்கில் நீடித்தால், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அவை முடுக்கிவிடும்.

கரைந்த எலும்பு தானாக வளராது. தயவுசெய்து ரத்தம் கசியும்போதே பல் மருத்துவரைப் பாருங்கள். புகைப்பவர்களுக்கு அந்தக் கசிவுகூடக் குறைவாகத்தான் தெரியும்.